ஸ்பேனர்கள் பூஜையில் இருந்த நாள்

எண்பதுகளின் தொடக்கத்தில், காரைக்காலுக்குத் தெற்கே கீழவாஞ்சூர் போகும் சாலையில் இருந்த ஒரு சிறிய ரசாயனத் தொழிற்சாலையில் நான் ஷிப்ட் கெமிஸ்டாக இருந்தேன். இப்போது அந்தப் பக்கம் போனால் துறைமுகமும் நிலக்கரி லாரிகளும்தான். ஒரு முறை பேருந்து நிறுத்தத்தில் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், முப்பத்தொரு லாரிகள் போயின, சட்டைக் காலர் கறுத்துவிட்டது. அன்று அங்கே கருவேல மரங்களும் மணலும் கடற்காற்றும்தான். சுரக்குடியிலிருந்து சைக்கிளில் வருவேன். குறுவை அறுவடை நடக்கும் நாட்களில் வழியெல்லாம் வைக்கோல் வாசனை வரும். தொழிற்சாலைக் கதவை நெருங்கியதும் அது போய், லேசாக இனிக்கிற மெத்தனால் வாசனை மூக்கில் ஏறும். நல்லதல்ல என்று தெரிந்தும், அந்த வாசனை எனக்குப் பிடிக்கும்.

எங்கள் தொழிற்சாலையின் உயிர் ஒரு டவர். ஏறத்தாழ ஐந்து மாடி உயரம், உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக முப்பது தட்டுகள். தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவம் நடுவில் உள்ளே போகும். கீழே நீராவியால் சூடாக்குவோம். ஆவி தட்டுத் தட்டாக மேலே ஏறும், மேலிருந்து திரவம் தட்டுத் தட்டாகக் கீழே இறங்கும். ஒவ்வொரு தட்டிலும் இரண்டும் உரசிக்கொள்ளும்போது மெத்தனால் மேல்பக்கமும் தண்ணீர் கீழ்ப்பக்கமுமாகப் பிரிந்துகொண்டே வரும். உச்சியில் சுத்தமான மெத்தனால் கிடைக்கும். தொழிற்சாலையின் மற்றப் பகுதிகள் எல்லாம் அதை நம்பித்தான் ஓடின.

எனக்கு எதையும் எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியாது. பீப்பாய், வால்வு, படிக்கட்டு எல்லாவற்றையும் எண்ணிவிடுவேன். அதில் ஒரு நியாயமும் இருந்தது. தெருவுக்குத் தெரு மதுக்கடை இருக்கிற ஊர் அது, மெத்தனாலோ குடித்தால் கண் போகிற சரக்கு. ஒரு பீப்பாய் குறைந்தாலும் தூக்கம் போய்விடும். நான் எண்ணிக்கொண்டிருக்கும்போது யாராவது பேச வந்தால் இடது கையைத் தூக்கிக் காட்டுவேன். வந்தவர் அப்படியே நின்றுவிடுவார். கேன்டீனில் சுண்டல் கொடுத்தால்கூட, "எத்தனைன்னு சொல்லிட்டுச் சாப்பிடுங்க சார்" என்று கிண்டல் செய்வார்கள். உள்ளூர எனக்கு அதில் ஒரு பெருமை.

அந்த வருடம் டவரைத் திறந்து கழுவும் வேலை ஆயுத பூஜை நேரத்தில் வந்தது. ஒவ்வொரு தட்டிலும் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு வாசல் உண்டு. அதை ஒரு தகட்டால் மூடி ஆறு போல்ட் போடுவோம். கழுவுவதற்காக முப்பது தகடுகளையும் நூற்றெண்பது போல்ட்டுகளையும் வெளியே எடுத்திருந்தோம். அவற்றைத் திரும்ப மாட்டியவர் ஒரு ஃபிட்டர். காரைக்கால் மாதா கோயிலுக்குப் பின்புறம் வீடு. என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். மூன்று வருடமாகத் தற்காலிக வேலையில் இருந்தார், அடுத்த மாதம் நிரந்தரமாக்கும் கடிதம் வரும் என்று சொல்லியிருந்தார்கள். அந்தக் கடிதத்தை நம்பித்தான் மூத்த பெண்ணைக் கான்வென்ட்டில் சேர்த்திருந்தார்.

பூஜை அன்று காலையிலிருந்தே பட்டறையில் கருவிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். இவரும் டவர் வேலைக்கு நடுவே வந்து உட்கார்ந்து தன் ஸ்பேனர்களை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தார். ஒருவர் சீண்டினார்.

"மாதா கோயிலு ஆளு, சரஸ்வதிக்கு ஸ்பேனரு துடைக்கிறாரு பாருங்கப்பா."

"துடைச்சு வச்சா துருப் பிடிக்காது. எந்தச் சாமி பாத்தா என்ன?" என்றார் இவர்.

பதினோரு மணிக்குக் கருவிகள் எல்லாம் பட்டறையில் படத்துக்கு முன்னால் போய்விட்டன. சந்தனம், குங்குமம், பொரி, கடலை. அதன்பின் மறுநாள் காலை மறுபூஜை முடியும்வரை ஒருவரும் ஒரு திருப்புளியைக்கூடத் தொட மாட்டார்கள். எங்கள் பக்கத்தில் எல்லாத் தொழிற்சாலைகளிலும் அப்படித்தான். படிக்கிற பிள்ளைகள் புத்தகத்தைத் தொடாமல் இருப்பது போல.

நண்பகலில் நான் டவரின் உச்சித் தளத்தில் நின்று நோட்டில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். தளத்தைக் கழுவி மாவிலை கட்டவேண்டும் என்பதால் ஒரு சாமானும் வெளியே கிடக்கக்கூடாது என்று உத்தரவு. தகடுகள் முப்பதும் உள்ளே போய்விட்டனவா, போல்ட் டப்பாவில் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். டவருக்குள் இறங்குவதற்கு உச்சியில் இருக்கும் மேல் வாசலிலிருந்து ஃபிட்டர் தலையை நீட்டினார். முகமெல்லாம் வியர்வை.

"சார், ஒண்ணு சொல்லணும்..."

நான் கையைத் தூக்கினேன். உள்ளே போன போல்ட்டுகளை நோட்டில் கூட்டிக்கொண்டு நூற்று நாற்பது சொச்சத்தில் இருந்தேன். அவர் வெளியே வந்து, ஒரு நிமிடம் ஓரமாக நின்றார். அதற்குள் கீழேயிருந்து, "பொரி தீருது, வாங்கப்பா" என்று குரல் வந்தது. அவர் இறங்கிப் போனார். என் கணக்கு நூற்றெண்பதில் சரியாக முடிந்தது. டப்பா காலி. டார்ச் அடித்துப் பார்த்தேன். உச்சித் தட்டில் தகடு இருந்தது, ஆறு நட்டும் இருந்தன. நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் விஜயதசமி. நல்ல நாளிலேயே டவரை ஓட்டிவிட வேண்டும் என்று மேனேஜர் விரும்பினார். மறுபூஜை முடிந்த உடனேயே பட்டறையிலிருந்து இரண்டு பேரை வரவழைத்து மேல் வாசலை மூடச் சொன்னேன். ஒன்பது மணி ஷிப்டுக்கு ஃபிட்டர் வந்தபோது, கீழே நீராவியைத் திறந்துகொண்டிருந்தோம். அவர் அண்ணாந்து மேலே பார்த்தார். "மூடியாச்சா சார்?" என்றார். "எல்லாம் பாத்தாச்சு, கணக்குச் சரியா இருக்கு" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

அன்று மாலையே தொல்லை தொடங்கியது. உச்சியில் வரும் மெத்தனாலில் தண்ணீர் கலந்திருந்தது. கண்ணாடி உருளையில் ஊற்றி அடர்த்திமானியை விட்டால், மிதக்கிற கோடு எப்போதும் நிற்கும் இடத்தில் நிற்கவில்லை. மேனேஜர் என்ன செய்யலாம் என்று யோசித்து, மேலிருந்து திருப்பி விடுகிற திரவத்தைக் கூட்டச் சொன்னார். கூட்டினோம். அப்போதும் சரியாகவில்லை. நீராவியைக் கூட்டினோம், குறைத்தோம். வெப்பமானி பொய் சொல்கிறதோ என்று மாற்றிப் பார்த்தோம். அடர்த்திமானியின்மேலேயே சந்தேகம் வந்து புதிதாக ஒன்று எடுத்தோம். மறுநாளும் அப்படியே போயிற்று. கையிருப்பில் இருந்த நல்ல சரக்கு நான்கு நாளைக்குத்தான் வரும். அதன்பின் தொழிற்சாலை முழுவதும் நிற்கும். மேனேஜருக்கு மேலிடத்திலிருந்து போன் மேல் போன் வந்துகொண்டிருந்தது.

மூன்றாம் நாள் காலை நான் என் பழைய நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கீழே வெளியேறும் தண்ணீர் சுத்தமாக இருக்கிறது. அப்படியானால் டவரின் கீழ்ப்பாதி ஒழுங்காக வேலை செய்கிறது, கோளாறு மேல்பாதியில். சரி. அடுத்து, டவரின் அடியிலும் உச்சியிலும் உள்ள அழுத்தத்துக்கு எவ்வளவு வித்தியாசம் என்று காட்ட, வளைந்த கண்ணாடிக் குழாய் ஒன்றில் பாதரசம் வைத்திருந்தோம். ஆவி ஒவ்வொரு தட்டிலும் நிற்கும் திரவத்தை முட்டிக்கொண்டு ஏறவேண்டும், அதனால்தான் அந்த வித்தியாசம். வேறு யாரும் அதைப் பெரிதாகக் கவனிப்பதில்லை. நான் மணிக்கு ஒரு தடவை குறித்து வைத்திருந்தேன். கழுவுவதற்கு முன்பு, இதே நீராவி அளவில், நூற்றிருபது மில்லிமீட்டர். தட்டுக்கு நான்கு. இப்போது எண்பத்தெட்டு. முப்பத்திரண்டு குறைகிறது. நான்கால் வகுத்தேன்.

எட்டு.

எட்டுத் தட்டுகள் வேலை செய்யவில்லை. அவற்றின் தகடுகள் கழன்று, ஆவி திரவத்தைத் தொடாமல் வாசல் வழியாகவே ஏறிப் போகிறது. எண்ணி எண்ணியே கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பூரிப்பு. மேனேஜரிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். அவர் என் நோட்டை இரண்டு முறை பார்த்தார்.

"மேல தகடு மாட்டுனது யாரு?"

சொன்னேன்.

"அப்படிச் சொல்லுங்க. ஆயுத பூஜைக்கும் லீவு, கிறிஸ்மஸுக்கும் லீவு. ஓடுற அவசரத்துல அரைகுறையா மாட்டியிருக்கான். டவர நிறுத்துங்க, நாளைக்குத் திறந்து பாப்போம். அவன் கடிதத்துக்கு நான் பதில் எழுதுறேன்."

அப்போதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. டவரை நிறுத்தச் சொல்லிவிட்டு, என்ன நடந்தது என்று கேட்க மதியம் ஒரு மணிக்குப் பட்டறைக்குப் போனேன். ஃபிட்டர் தூக்குச்சட்டியைத் திறந்து வைத்துத் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மீன் குழம்பு.

"அண்ணே, மேல எட்டுத் தட்டு போயிடுச்சு போலருக்கு" என்றேன்.

அவர் பிசைந்த கை நின்றது.

"எட்டா? அந்த எட்டையும் நீங்க முடுக்கலையா சார்?"

"நான் எதுக்கு முடுக்கணும்?"

"இருபத்திரண்டு வரைக்கும் ஸ்பேனரு போட்டு முடுக்கிட்டேன். அதுக்குள்ள எல்லாத்தையும் பூஜைக்கு எடுத்துட்டாங்க. தகட வெளிய போட்டு வைக்கக்கூடாதுன்னாங்க. சரின்னு மேல எட்டையும் சும்மா கையால முடுக்கி வச்சேன். காலைல மேலேருந்து ஒண்ணொண்ணாக் கழட்டி இறங்கி, முடுக்கிக்கிட்டே ஏறி வந்துரலாம்னு."

"ஸ்பேனர எடுத்து முடுக்கியிருக்கலாமே அண்ணே. நீங்க அதெல்லாம் பாக்க மாட்டீங்கன்னு நெனச்சேன்."

"ஏன் பாக்க மாட்டேன்? நாலு பேரு கும்புட்டு வச்சத நான் நடுவுல போயி உருவுறதா?"

அவரே தொடர்ந்தார். குரலில் குற்றச்சாட்டு இல்லை.

"அன்னைக்கே சொல்ல வந்தேன் சார். நீங்க எண்ணிக்கிட்டு இருந்தீங்க. காலைல வந்தா மூடியிருந்துச்சு. வேற ஆள விட்டு முடுக்கியிருப்பீங்கன்னு நெனச்சேன். ஒங்க கணக்குல ஒண்ணு விட்டுப்போயி நான் பாத்ததே இல்லையே."

அடுத்து நான் கேட்ட கேள்வியை இன்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. "மேனேஜர் கேட்டா என்ன சொல்வீங்க?" என்று கேட்டேன்.

"கையால முடுக்குனது நான்தான்னு சொல்வேன். அது நெசம்தானே" என்றார். மீண்டும் சாப்பிடத் தொடங்கினார். சோறு அதிகம் இறங்கவில்லை, பாதியில் மூடி வைத்துவிட்டார்.

நான் திரும்பி வந்தேன். மேனேஜர் அறையைத் தாண்டித்தான் என் மேசைக்குப் போகவேண்டும். கதவு திறந்திருந்தது. உள்ளே போகவில்லை. அன்று மாலைக்குள் அந்தக் கதவை ஆறு முறை தாண்டினேன். ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் கிடைத்தது. முதலில் டவர் ஆறட்டும். திறந்து பார்த்தபின் சொல்லலாம். ஒருவேளை வேறு கோளாறாகக்கூட இருக்கலாம். எனக்கும் அப்போது பதவி உயர்வுக்குப் பெயர் போயிருந்தது. கையெழுத்து என்னுடையது. நடந்தது இரண்டே பேருக்குத்தான் தெரியும், அவரோ சொல்லப்போவதில்லை. சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது அன்று ஒரு மதகையும் எண்ணவில்லை என்பது வீட்டு வாசலில்தான் நினைவுக்கு வந்தது.

மறுநாள் காலை டவரை நீராவியாலும் பிறகு காற்றாலும் நன்றாகக் கழுவி, சோதித்து, திறந்தார்கள். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஃபிட்டர் முதலில் இறங்கினார். நானும் வருகிறேன் என்று பின்னால் இறங்கினேன். நான்கு வருடத்தில் அந்த டவரின் உள்ளே நான் நுழைந்தது அதுதான் முதல் தடவை. அதுவரை எண்ணியதெல்லாம் வெளியே நின்றுகொண்டுதான். உள்ளே கொதிக்கிற வெக்கை. அவர் சொன்னபடியே எட்டு வாசல்களும் திறந்து கிடந்தன. ஒரு தகடு சரிந்து கிடந்தது, இன்னொன்று கீழ்த்தட்டில் தலைகுப்புற. நட்டுகள் மூலைக்கு மூலை சிதறியிருந்தன. நாற்பத்தெட்டில் நாற்பத்தொன்று கிடைத்தன. இருபத்திரண்டாவது தட்டுக்கு வந்ததும் அவர் ஸ்பேனர் போட்டு முடுக்கிய நட்டு ஒன்றை என் விரலால் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். இம்மியும் அசையவில்லை. ஆறையும் பார்த்தேன். விரல்நுனி வலித்தது.

நாங்கள் இறங்கி வந்தபோது மேனேஜர் கீழே நின்றுகொண்டிருந்தார். பட்டறை ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சுற்றி இருந்தார்கள்.

"நட்டு முடுக்கத் தெரியாதவன்லாம் ஃபிட்டரு. இந்த லட்சணத்துல பெர்மனென்ட் வேற" என்றார்.

ஃபிட்டர் கையில் இருந்த நட்டுகளை டப்பாவில் போட்டார். "கையாலதான் முடுக்குனேன் சார். என் தப்புதான்" என்றார். அவ்வளவுதான். என் பக்கம் ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூட எனக்கு ஒரு கோபம் வந்திருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் சும்மா இருந்திருப்பேன். அவர் பார்க்காததுதான் என்னைப் பேச வைத்தது.

"சார், தப்பு அவருடையது இல்ல. முடுக்கலைன்னு சொல்றதுக்கு அவரு அன்னைக்கே வந்தாரு. நான்தான் பேசவிடல. கணக்குச் சரியா இருக்குன்னு கையெழுத்துப் போட்டு மூடச் சொன்னதும் நான்தான்."

மேனேஜர் என்னையே பார்த்தார்.

"இது எப்ப தெரியும் ஒங்களுக்கு?"

"நேத்து மதியம் ஒரு மணிக்கு சார்."

"இப்ப மணி என்ன?"

கையில் கடிகாரம் இருந்தது. பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. "பதினொண்ணு" என்றேன்.

அவர் திரும்பி நடந்துவிட்டார். அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

பிற்பகலில் எட்டுத் தகடுகளையும் மாட்டினோம். நான் உள்ளேயே இருந்தேன். ஒவ்வொரு நட்டையும் அவர் முடுக்க முடுக்க நான் பிடித்து அசைத்துப் பார்த்தேன். "சார், விரல் போயிடும், விடுங்க" என்று இரண்டு முறை சொன்னார். மறுநாள் மாலை அடர்த்திமானி பழைய கோட்டில் நின்றது. பாதரசம் நூற்றிருபதுக்கு ஏறியது. கேன்டீனில் எல்லோருக்கும் ஒரு டீ கூடுதலாகக் கொடுத்தார்கள்.

அவருக்கு வரவேண்டிய கடிதம் அடுத்த மாதமே வந்தது. மேனேஜர் எழுதி வைத்திருந்த பதிலைக் கிழித்துப் போட்டதாகத் தட்டச்சு செய்பவர் சொன்னார். என் பதவி உயர்வு இரண்டு வருடம் தள்ளிப்போனது. அதில் எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். அப்போது இருந்தது. இப்போது இல்லை.

அதன்பின் அவரும் நானும் அந்தத் தொழிற்சாலையில் பல வருடம் ஒன்றாக வேலை பார்த்தோம். டவரைத் திறந்தபோதெல்லாம் இருவரும் சேர்ந்தே இறங்கினோம். உள்ளே எதிரொலிக்கும் என்பதால் மெதுவாகப் பேசிக்கொள்வோம். அவர் பெண்ணின் படிப்பு, என் அப்பாவின் ஆஸ்துமா, நெடுங்காட்டுப் பக்கம் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதா. டிசம்பர் மாதம் அவர் வீட்டிலிருந்து கேக் வரும். பொங்கலுக்கு எங்கள் வயல் கரும்பை அவர் வீட்டு வாசலில் கொண்டுபோய்ப் போடுவேன். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் மனம் நிறைகிறது. தொழிற்சாலை மூடிப் பல காலம் ஆயிற்று. டவரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். அவரும் போய் ஆறு வருடம் முடிந்துவிட்டது. மாதா கோயில் கல்லறையில் மண் போட்டவர்களில் நானும் ஒருவன்.

அத்தனை வருடத்தில் ஒருநாள்கூட அவர் என்னிடம், "ஏன் சார் உடனே சொல்லலை?" என்று கேட்கவில்லை. நானும் விளக்கவில்லை. எண்ணிக்கொண்டிருந்தபோது அவரைப் பேசவிடாதது அறியாமல் செய்த தவறு, அதை நான் என்றோ மன்னித்துக்கொண்டேன். ஆனால் எல்லாம் தெரிந்தபின்பும், ஒரு நல்ல மனிதர் என் பிழையைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்து மறுபடி வேலைக்கு வரட்டும் என்று நான் வாய் திறக்காமல் விட்ட அந்த இருபத்திரண்டு மணி நேரம் மட்டும், இத்தனை வயதுக்குப் பிறகும் எனக்குச் செரிக்கவில்லை.